நாற்பத்தெட்டு வளைவுகளும் ஒரு ரப்பர் வளையமும்

ஜூன் 16, திங்கள் – செல் ஆம் சே, ஆஸ்திரியா

இரண்டு பேர், இரண்டு சிறிய துணிப்பைகள், ஒரு கருவிப்பெட்டி என்ற அளவோடு எங்கள் காரின் கொள்ளளவு முடிந்துவிட்டது. 2003ஆம் ஆண்டில் ஜப்பானில் தயாரான, துணிக்கூரை கொண்ட, பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகிற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. நிறுவனத்தின் பெயரை எழுதினால் கார்ப் பிரியர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். 140 குதிரைத்திறன், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த கணவாய்கள் சிலவற்றை இதில் கடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உயரமான மின்சாரக் காரொன்றை வைத்திருக்கும் என் மைத்துனன் துணைக்கு வந்தான். முதல் முறை உட்கார்ந்தபோதே, "அத்தான், இந்தக் காரில் ஏறவில்லை, இறங்குகிறோம்" என்று முனகிக்கொண்டே முழங்கால்களை மடக்கினான்.

வழியெல்லாம் மழை. துணிக்கூரைக் காரை வைத்திருப்பவருக்கு மழை என்பது கூரையில் ஒழுகுகிறதா என்ற கேள்வியோடு முடிந்துவிடுவதில்லை. கூரையின் பின்விளிம்பில் சேரும் தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் துளைகளின் வழியே காருக்கு அடியில் இறங்கிப் போக வேண்டும். சருகும் தூசியும் அத்துளைகளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவடிச் சட்டத்துக்குள் தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளிருந்து துருவைக் கிளப்பிவிடும். இவ்வகைக் கார்கள் பலவும் எஞ்சின் நன்றாக இருக்கும்போதே காயலான் கடைக்குப் போவது இதனால்தான். ஆகவே விடுதியில் நிறுத்தியதும் இருக்கைகளுக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பளத்தைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

இரவு உணவுக்குக் கைசர்ஷ்மார்ன் என்னும் பண்டம். தடித்த இனிப்பு முட்டை அப்பத்தைக் கரண்டியால் கிழித்துப் போட்டு, மேலே மாவுச்சர்க்கரை தூவி, பிளம் பழக் கூழோடு தருகிறார்கள். ஒரு தட்டு 16 யூரோ. இருவருக்கு ஒரு தட்டு போதும் என்று பரிமாறிய பெண்மணி தாமாகவே சொன்னார். வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு உண்மை பேசுகிற உணவகம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஜூன் 17, செவ்வாய் – கிராஸ்குளோக்னர் மலைச்சாலை

காலை ஏழு மணிக்கு முன்பே ஃபெர்லைட்டன் சுங்கச்சாவடியில் நின்றோம். நாற்பது யூரோவுக்கு மேல் கட்டணம். மைத்துனன் விலைப்பலகையை இரண்டு முறை படித்தான். 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட இந்தச் சாலையை ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 1930இல் தொடங்கிய வேலை 1935 ஆகஸ்டில் முடிந்தது. திறந்த மறுநாளே இதில் கார்ப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இன்றும் கார் நிறுவனங்கள் தங்கள் புதிய வண்டிகளின் பிரேக்கையும் குளிரூட்டலையும் சோதிக்க இங்கே வருகின்றன.

மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. கூரையை மடக்கிவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தோம். கால்களில் சூடும் காதுகளில் குளிருமாகப் போவது வீண் செலவு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். சாலையோரத்தில் ஆளுயரப் பனி இன்னும் கரையாமல் நின்றது. அதை ஒட்டிச் செல்லும்போது எஞ்சினின் ஒலி பனிச்சுவரில் பட்டுத் திரும்பி நம் தோள்மேலேயே விழுகிறது.

உயரம் ஏற ஏற எஞ்சின் இளைக்கிறது. 2,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுவதால், டர்போ இல்லாத எஞ்சினின் விசையும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே என் 140 குதிரைகளில் 110க்குச் சற்று முன்பின்னாகத்தான் மேலே வந்து சேர்ந்தன. அது ஒரு குறையாகவே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. இரண்டாம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றுகளை நெருங்கி உற்சாகமாகப் பாடுகிறது. வளைவுக்கு முன் பிரேக், ஒரு கியர் கீழே, ஸ்டியரிங், மறுபடி விசை என்று கைகளுக்கும் கால்களுக்கும் ஓயாத வேலை. எங்களை முந்திச் சென்ற 600 குதிரைத்திறன் கார் ஒன்று, அடுத்த வளைவில் ஒரு சுற்றுலாப் பேருந்தின் பின்னால் எங்களுக்கு முன்னே நின்றிருந்தது. அந்த எஞ்சின் இந்த மலையில் கண் விழிப்பதற்குள் வளைவு வந்துவிடுகிறது. ஓட்டுநர் தம் காரை இங்கே நடத்திக் கூட்டிப் போகிறாரே தவிர ஓட்டவில்லை. பெரிய விசையை விரும்புகிறவர்களோடு எனக்குப் பகையில்லை. அவர்கள் அதை எந்தச் சாலையில் செலவழிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

2,571 மீட்டர் உயரத்தில் இருக்கும் எடல்வைஸ்ஷ்பிட்ஸெ சிகரத்துக்குக் கல் பாவிய கிளைப்பாதை ஒன்று ஏறுகிறது. அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் முதிய ஆங்கிலேயர் ஒருவர், 1960களில் தயாரான தம் திறந்த காரை நிறுத்தியதும் முதல் வேலையாக, இருக்கைக்குப் பின்னாலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். "ஒழுகுகிறதா?" என்று கேட்டேன். "ஒழுகாவிட்டால்தான் கவலைப்படுவேன், உள்ளே ஆயில் இல்லை என்று பொருள்" என்றார். மற்றவர்கள் நிற்கும் இடத்தில் தம் ஆயில் சிந்தக்கூடாது என்ற அந்த எண்ணத்தை நான் எத்தனையோ புதிய கார்க்காரர்களிடம் கண்டதில்லை.

பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். ஓடிக் கெட்ட ஸ்போர்ட்ஸ் காரைவிட நின்று கெட்டதே அதிகம் என்பது அவர் கட்சி, என்னுடையதும் அதுவே. நின்றால் பேட்டரி இறங்குகிறது, பிரேக் தட்டில் துரு படர்கிறது, ரப்பர்கள் இறுகுகின்றன. டயரின் நிலை இன்னும் விசித்திரமானது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடும் காரில் டயரின் பள்ளங்கள் தேய்வதற்கு முன் ரப்பர் கிழடாகிவிடும். பார்வைக்குப் புதிது போல இருக்கும், ஈரச் சாலையில் கைவிடும். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வண்ணப்பூச்சைப் பார்ப்பதற்கு முன் அந்த இலக்கங்களைப் பார்ப்பது நல்லது.

இறக்கத்தில்தான் இந்தச் சாலை தன் கட்டணத்தை உண்மையில் வசூலிக்கிறது. முன்னால் போன குடும்பக் கார் ஒன்று பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கருகிய வாடை திறந்த காரில் இருந்த எங்களுக்கு அப்படியே வந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்தத் தரத்தின் வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. பெடல் பஞ்சாக அமுங்கும், கார் நிற்காது. புறப்படுவதற்கு முன் அதைப் புதிதாக மாற்றியிருந்ததால் நான் நிம்மதியாக, இரண்டாம் கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு இறங்கினேன். ஹைலிகன்பிளுட் ஊரில் நிறுத்திச் சக்கரத்தருகே மூக்கை வைத்துப் பார்த்தேன். வாடை இல்லை. மைத்துனன் இதைப் படம் எடுத்து அவன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான்.

ஜூன் 18, புதன் – க்முண்ட்

மோல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக இறங்கி, கரிந்தியா மாநிலத்தின் க்முண்ட் என்ற சிற்றூருக்கு வந்தோம். போரில் குண்டுகள் விழத் தொடங்கியதும் 1944இல் போர்ஷே நிறுவனம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இங்கே, ஒரு மர அறுவை ஆலைக்கு இடம் மாறியது. போர்ஷே என்ற பெயரைத் தாங்கிய முதல் ஸ்போர்ட்ஸ் கார் 1948இல் இங்கேதான் உருவானது. 35 குதிரைத்திறன், 585 கிலோ எடை, ஃபோக்ஸ்வாகன் காரிலிருந்து எடுத்த பாகங்கள். எடை குறைவாக இருந்தால் விசை குறைவாக இருக்கலாம் என்ற கணக்கு அன்றைய பஞ்சத்தில் வேறு வழியின்றிப் போட்டதாகவும் இருக்கலாம். எப்படிப் போட்டிருந்தாலும் கணக்கு சரியானது.

ஒரு குடும்பம் 1982 முதல் நடத்திவரும் தனியார் அருங்காட்சியகத்தில், அந்தக் காலத்துக் காரின் உடலை அடித்து வளைக்கப் பயன்பட்ட மரச்சட்டம் வைக்கப்பட்டிருக்கிறது. அலுமினியத் தகட்டை அதன்மேல் பொருத்திப் பார்த்துப் பார்த்துச் சுத்தியலால் கையாலேயே வடித்திருக்கிறார்கள். பளபளக்கும் கார்களைவிட அந்தச் சட்டத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். மைத்துனனும் அங்கேதான் முதன்முறையாகக் கைப்பேசியைப் பைக்குள் போட்டான்.

மதிய உணவு காஸ்நூடெல்ன். தயிர்ப் பாலாடைக்கட்டியும் புதினாவும் உள்ளே வைத்து, விளிம்பை விரலால் முறுக்கி மூடி, நீரில் வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். விளிம்பின் பின்னல் அப்படியே நம் சோமாசியைப் போல இருந்தது.

மாலையில் டிராவா ஆற்றை ஒட்டி லியன்ஸ் நகருக்குப் போகும்போது, கிளட்ச் பிடிக்கும் இடம் பெடலில் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருப்பதைக் கால் சொன்னது. நகர எல்லையில் வந்த சிக்னல்களில் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கீழே. விடுதி முற்றத்தில் பானட்டைத் திறந்தேன். கிளட்ச் ஆயில் குப்பியில் மட்டம் விரற்கடை குறைந்திருந்தது.

ஜூன் 19, வியாழன் – லியன்ஸ்

காலையில் பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது. கையால் தூக்கினால்தான் மேலே வந்தது. அன்று ஃபிரோன்லைக்னாம் என்னும் கத்தோலிக்கத் திருநாள். ஆஸ்திரியா முழுவதும் அரசு விடுமுறை. பட்டறை, உதிரிபாகக் கடை எதுவும் திறக்காது. தெருவில் பேண்டு வாத்தியமும் மலர் தூவும் குழந்தைகளுமாக ஊர்வலம் போய்க்கொண்டிருக்க, நாங்கள் முற்றத்தில் குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் கிடைத்த சாலை உதவி ஒன்று, வண்டியை ஏற்றிச் செல்லலாம், ஆனால் பழுது பார்ப்பது திங்கட்கிழமைதான் என்றது.

பாரம்பரிய உடையில் ஊர்வலத்துக்குக் கிளம்பிய விடுதி அம்மாள் எங்களைப் பார்த்து நின்று, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். நண்பகலில் அவருடைய அண்ணன் வந்தார். டிராக்டர் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். திருநாள் கோட்டைக் கழற்றி ஒழுங்காக நாற்காலியில் மாட்டிவிட்டு, பையிலிருந்த நீல மேலாடையை அணிந்துகொண்டார். ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் தம் மரக்கட்டைகளையும் வைத்து உறுதி செய்தபின்தான் என்னை அருகே அழைத்தார். கியர்ப்பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கிறது, உள்ளங்கையில் அடங்கும் ஸ்லேவ் சிலிண்டர். பெடலை மிதிக்கும்போது ஆயில் வழியே வரும் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விலக்குவது இதுதான். அதன் முனையில் இருந்த ரப்பர் உறையை அவர் நகத்தால் மெல்ல விலக்கியதும், உள்ளே தேங்கியிருந்த கறுத்த ஆயில் ஒரு சொட்டாகத் திரண்டு, சற்று நேரம் தொங்கி, அவர் மணிக்கட்டில் விழுந்தது. இருபது ஆண்டுக்கு மேல் முன்னும் பின்னும் போய்வந்த ரப்பர் வளையம் ஒன்று தன் ஆயுளை முடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நோய்.

புதிய பாகம் நாளைக்குத்தான் கிடைக்கும். ஆனால் இன்றைக்கு எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்வோம் என்றார். என்னிடமிருந்த டாட் 4 ஆயிலை ஊற்றி, ஏர் எடுக்கத் தொடங்கினோம், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற. மைத்துனன் பெடலை அழுத்திப் பிடிக்க, அவர் கீழே சிலிண்டரின் வடிகால் திருகான நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மூட, நான் குப்பியில் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். "பம்ப்பன்... ஹால்டன்..." (மிதி... பிடி...) என்று அடியிலிருந்து வந்த குரலுக்கு, ஜெர்மன் மொழி ஒரு சொல்லும் அறியாத மைத்துனன் மூன்றாம் முறையே பிசகாமல் கால் வைக்கத் தொடங்கிவிட்டான். கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் நின்றபோது அவன் முகத்தில் தெரிந்த பெருமையை இதற்கு முன் அவனுடைய மின்சாரக் காரில் நான் பார்த்ததில்லை. பெடல் உயிர் பெற்றது. மாலைக்குள் மறுபடி பாதி இறங்கிற்று.

ஜூன் 20, வெள்ளி – லியன்ஸிலிருந்து கனசெய்

ரப்பர்களை மட்டும் மாற்றும் பொட்டலம் 10 யூரோவுக்குக் கிடைத்தது. கழற்றிய சிலிண்டரின் உட்சுவரில் விரல்நுனியை ஓட்டிப் பார்த்த பெரியவர் தலையசைத்தார். துரு பொத்தலிட்ட சுவரில் புது ரப்பரும் சில மாதங்களில் கிழியும் என்றார். முழுச் சிலிண்டராகவே 42 யூரோவுக்கு வாங்கினோம். பத்து மணிக்குத் தொடங்கிய வேலை பதினொன்றுக்குள் முடிந்தது.

கூலி கேட்டேன். காரை ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். இசெல்ஸ்பெர்க் ஏற்றத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனார். பாதி வழியில், கிளட்சைத் தொடாமலே, எஞ்சின் சுற்றையும் கியரின் சுற்றையும் காதால் ஒத்துப் பார்த்து நான்காவதிலிருந்து மூன்றாவதற்கு ஒரு சிறு முனகலும் இல்லாமல் மாற்றிக் காட்டினார். "நேற்றே இப்படி ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் சிக்னலில் வெட்கப்பட்டிருப்பீர்கள்" என்றார். பணத்தை எவ்வளவு வற்புறுத்தியும் தொடவில்லை.

நண்பகலுக்குப் பின் இத்தாலி. கோர்ட்டீனாவைத் தாண்டி 2,236 மீட்டர் உயர ஜியாவ் கணவாய். எனக்குப் பிடித்த கணவாய் எது என்று கேட்டால் கிராஸ்குளோக்னரை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். சுங்கம் இல்லை, பேருந்து குறைவு. உச்சியில் புல்வெளி நடுவே ஒற்றைப் பாறைக் கோபுரம். மறுபுறம் எண்ணிட்ட 29 கொண்டை ஊசிகள். புதிய சிலிண்டரோடு பெடல் பிடிக்கும் இடம் மேலே வந்திருந்ததால் முதல் சில வளைவுகளில் கால் தடுமாறி, பின் பழகிக்கொண்டது. அங்கிருந்து அராப்பா ஊர், பொர்தோய் கணவாய். சைக்கிள்காரர்கள் திரள்திரளாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அகலம் குறைந்த காரில் இருந்ததால் அவர்களுக்கு முழு இடம் விட்டு முந்த முடிந்தது. நன்றி சொல்லக் கை உயர்த்தியவர்கள் பலர்.

ஜூன் 21, சனி – ப்ராடோ

போல்சானோவில் தாளமுடியாத வெயில். நெரிசலில் ரேடியேட்டர் விசிறி ஓய்ந்தபாடில்லை. திறந்த காரில் தலை வெந்தது, கூரையை மூடினால் உடல் வெந்தது. ஆப்பிள் தோட்டங்கள் நடுவே மாலை வரை ஊர்ந்து, ஸ்டெல்வியோ கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் ப்ராடோவை அடைந்தோம். இதற்கு மேல் எழுத அன்று ஒன்றுமில்லை.

ஜூன் 22, ஞாயிறு – ஸ்டெல்வியோ

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிறகு இந்த மலை மோட்டார்சைக்கிள்களுக்குச் சொந்தம் என்று விடுதிக்காரர் எச்சரித்ததால் ஐந்தரைக்கே கிளம்பினோம். ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டொனெகானி 1820 முதல் 1825 வரை அமைத்த சாலை. குதிரை வண்டிகளுக்காகத் தீர்மானித்த வளைவுகள். கீழே 48 என்ற எண்ணில் தொடங்கி 2,757 மீட்டர் உயர உச்சியை நெருங்கும்போது 1 என்று முடிகின்றன. ஒவ்வொரு வளைவும் இரண்டாம் கியருக்குக் கொஞ்சம் இறுக்கம், முதல் கியருக்குக் கொஞ்சம் தளர்ச்சி. அழகான சாலை, ஆனால் ஓட்டுவதற்குச் சிறந்த சாலை என்று நான் சொல்லமாட்டேன். நேர்ப்பகுதிகள் குறுகியவை, ஒரு வளைவின் மகிழ்ச்சி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இருபதாவது வளைவுக்கு மேல் தோள்பட்டை வலித்தது. பாதியில் ஸ்டியரிங்கை மைத்துனனிடம் கொடுத்தேன்; கியர் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியும் இரண்டு முறைதான் எஞ்சினை அணையவிட்டான்.

உச்சியில் வெயில் உண்டு, சூடில்லை. தள்ளுவண்டியில் ரொட்டிக்குள் சாசேஜும் புளித்த கோஸும் வைத்துத் தருகிறார்கள், நின்றுகொண்டே தின்றோம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், மைத்துனன் பையில் கட்டி வைத்திருந்த உருளை வறுவல் பொட்டலம் பலூனாக ஊதியிருந்தது. அதே காரணத்தால் டயரின் மானியும் கீழே காட்டியதைவிட மூன்று பவுண்டு கூட்டிக் காட்டியது. காற்றை இறக்காமல் விட்டோம். இறக்கினால் பள்ளத்தாக்கில் டயர் தளர்ந்துவிடும்.

எட்டரை மணிக்குள் மோட்டார்சைக்கிள்கள் வந்து இடத்தை நிறைத்தன. மிகத் தாழ்ந்த, மிக அகன்ற ஆரஞ்சு நிறக் கார் ஒன்று மேலே வந்து நின்றது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பின்னோக்கி எடுத்துத் திரும்ப வேண்டியிருந்ததாக அதன் இளைஞர் சிரித்துக்கொண்டே புலம்பினார். எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டார். இந்த வாரம் 42 யூரோ என்றான் மைத்துனன்.

ஜூன் 25, புதன் – வீடு

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். முன் பிரேக் பட்டைகளில் பாதிக்கு மேல் மிச்சம். டயர்களின் வெளித்தோள் மட்டும் சொரசொரத்திருந்தது. புதிய ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே உலர்வு. அது புதிதாகியதும், மேலே பெடலோடு இணைந்து ஆயிலைக் கீழே தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரின் முறை விரைவில் வரும் என்று லியன்ஸ் பெரியவர் சொல்லியிருந்ததால், அதையும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பெடல் மிதிக்க வருவதாக மைத்துனன் சொல்லியிருக்கிறான்.